கர்ப்பகால ஸ்கேன் எந்த வாரத்தில், எவ்வளவு துல்லியம்? டெல்டா பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கர்ப்பிணிகளும், அவர்களுடன் வரும் அம்மா, மாமியார், கணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. குழப்பத்துக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். எந்த ஸ்கேன் எடுத்தாலும் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு வேலை உண்டு, அந்த வேலைக்கு ஒரு வாரக் கணக்கும் உண்டு. முதல் ஸ்கேன் சரியான வாரத்தில் எடுக்கப்பட்டால் பின்னால் வரும் எல்லா ஸ்கேனையும் அதை வைத்துத்தான் படிக்க முடியும். அது தவறினால் கடைசி மாதம் வரை இழுபறிதான்.

வாரக் கணக்கை எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள்?

கடைசி மாதவிடாயில் உதிரப்போக்கு தொடங்கிய முதல் நாளிலிருந்து. ரிப்போர்ட்டில் எல்.எம்.பி. என்று இருப்பது இந்தத் தேதிதான். இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. மூன்றாம் நாள் தலைக்குக் குளித்த தேதியைச் சிலர் சொல்கிறார்கள். அதனால் இரண்டு நாள்தான் பிசகும், பெரிய பாதகமில்லை. வேறு சிலர் "நாள் தள்ளிப்போன" தேதியைச் சொல்லிவிடுகிறார்கள். அப்போது கணக்கு முழுசாக நாலு வாரம் பின்னால் போய்விடும்.

ஓர் எடுத்துக்காட்டு. 2025 ஆடிப்பெருக்கன்று, ஆகஸ்ட் 3-ஆம் தேதி, உதிரப்போக்கு தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பிரசவத் தேதி 2026 மே 10. மொத்தம் 280 நாள், அதாவது 40 வாரம். நாம் "பத்து மாதம் சுமந்தாள்" என்று சொல்வதும் 28 நாள் மாதமாக எண்ணினால் இதே 280 நாள்தான். தமிழ் மாதத்தையோ ஆங்கில மாதத்தையோ வைத்து "இப்ப அஞ்சாம் மாசம்" என்று சொன்னால் மருத்துவருக்கு அது எந்த வாரம் என்று தெரியாது. வாரத்தையும் நாளையும் சொல்லுங்கள். இன்னொன்று, குறித்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நாலைந்துதான். 37 வாரம் முடிந்து 42 வாரத்துக்குள் பிறந்தால் அது குறைமாதமும் அல்ல, நாள் கடந்ததும் அல்ல.

முதல் ஸ்கேன் எப்போது?

7 வாரம் முடிந்து 9 வாரத்துக்குள் எடுப்பது நல்லது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அது செப்டம்பர் 21 முதல் அக்டோபர் 5 வரை. கரு கருப்பைக்குள் இருக்கிறதா, ஒன்றா இரட்டையா, இதயம் துடிக்கிறதா, எத்தனை வாரம் என்று நான்கு விஷயங்களை இது சொல்லும்.

வீட்டில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து இரண்டு கோடு வந்ததும் மறுநாளே ஸ்கேனுக்கு ஓடினால் பயம்தான் மிஞ்சும். ஐந்தாம் வாரத்தில் கரு வளரும் பை மட்டும் தெரியும். ஐந்தரை வாரத்தில் அதற்குள் மஞ்சள்கருப் பை (யோக் சாக்) தெரியும். இதயத் துடிப்பு ஆறு வாரம் வாக்கில்தான் தொடங்கித் தெரியும். அதற்கு முன்னால் போனவரிடம் "துடிப்பு இல்லை" என்று சொன்னால், பாதி நேரம் அதற்கு "இன்னும் நாளாகவில்லை" என்றுதான் அர்த்தம்.

ஆனால் வயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, உதிரப்போக்கு, மயக்கம், தோள்பட்டையில் வலி இருந்தால் ஏழு வாரம் ஆகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கரு கருக்குழாயில் தங்கியிருக்கலாம், குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே, இரவானாலும் 108-க்கு அழைத்துக் கிளம்புங்கள்.

"துடிப்பு இல்லை, கலைத்துவிடலாம்" என்றார்கள். உடனே முடிவு எடுக்க வேண்டுமா?

அவசரம் வேண்டாம், முதலில் அளவைப் பாருங்கள். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள்வழி ஸ்கேனில் கருவின் நீளம், அதாவது சி.ஆர்.எல்., 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் துடிப்பு இல்லையென்றால்தான் கரு நின்றுவிட்டது என்று சொல்லலாம். கரு தெரியாமல் பை மட்டும் இருந்தால் பையின் சராசரி விட்டம் 25 மி.மீ. தொட்டிருக்க வேண்டும். இதற்குக் குறைவாக இருந்தால் 7 முதல் 14 நாள் கழித்து மறு ஸ்கேன் எடுப்பதே முறை. உதிரப்போக்கோ வலியோ அதிகமில்லாத பெண்ணுக்கு இந்த ஒரு வாரக் காத்திருப்பால் கெடுதல் எதுவும் வராது. தேதி பிசகியதால் ஆறாம் வாரத்திலேயே ஸ்கேன் எடுத்துவிட்ட பல கருக்களில் மறு ஸ்கேனில் துடிப்பு தெளிவாகத் தெரிவதுண்டு.

மாதவிடாய்த் தேதி ஒரு கணக்கு, ஸ்கேன் ஒரு கணக்கு. எதை நம்புவது?

முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் என்றால் அதற்குத்தான் பெரும்பாலும் மதிப்பு அதிகம். அந்தக் காலத்தில் எல்லாக் கருவும் ஏறக்குறைய ஒரே வேகத்தில், ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வீதம் வளர்கிறது. தாய் உயரமா குட்டையா, சாப்பாடு சரியாக இருந்ததா என்பதெல்லாம் அப்போது வித்தியாசம் காட்டாது. சி.ஆர்.எல். 10 மி.மீ. என்றால் சுமார் 7 வாரம், 30 மி.மீ. என்றால் பத்து வாரத்தை ஒட்டி, 60 மி.மீ. என்றால் பன்னிரண்டரை வாரம். பிழை அதிகபட்சம் 5 முதல் 7 நாள்.

கர்ப்பத்தில் முதலாவதாக எடுக்கும் ஸ்கேனுக்கு மகப்பேறு மருத்துவர்கள் பரவலாகப் பின்பற்றும் வரம்பு இது. 8 வாரம் 6 நாள் வரை எடுத்த ஸ்கேன், மாதவிடாய்க் கணக்கிலிருந்து 5 நாளுக்கு மேல் விலகினால் பிரசவத் தேதியை ஸ்கேன்படி மாற்றுவார்கள். 9 வாரம் முதல் 15 வாரம் 6 நாள் வரை 7 நாளுக்கு மேல் விலக வேண்டும். 16 முதல் 21 வாரம் வரை 10 நாள், 22 முதல் 27 வரை 14 நாள், 28 வாரத்துக்குப் பிறகு 21 நாள். வாரம் ஏற ஏற ஸ்கேனின் பிழையும் கூடுவதால்தான் இந்த வரம்பு இப்படி விரிகிறது.

மாதவிடாய் ஒழுங்காக வராதவர்கள், பி.சி.ஓ.டி. உள்ளவர்கள், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே கருவுற்றவர்கள், கருத்தடை மாத்திரையை நிறுத்திய மறுமாதமே கருவுற்றவர்கள் ஆகியோருக்கு மாதவிடாய்த் தேதியை நம்பவே முடியாது. அவர்கள் 9 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுப்பது கட்டாயம் என்றே சொல்லலாம்.

எட்டாம் மாத ஸ்கேனில் இரண்டு வாரம் குறைவாகக் காட்டுகிறது. பிரசவத் தேதி தள்ளிப்போகுமா?

போகாது. டெல்டாவில் மட்டுமல்ல, எங்கும் அதிகம் தவறாகப் படிக்கப்படும் வரி இதுதான். பிற்கால ஸ்கேனில் இயந்திரம் குழந்தையின் தலை, வயிறு, தொடை எலும்பு அளவுகளை எடுத்து, "சராசரிக் குழந்தைக்கு இந்த அளவு இத்தனை வாரத்தில் இருக்கும்" என்று அச்சிடுகிறது. அதை வைத்துத் தானாகவே ஒரு புதுப் பிரசவத் தேதியும் போட்டுவிடுகிறது. 32 வாரத்தில் இருக்கும் சிறிய குழந்தை "30 வாரம்" என்று அச்சாகும். அதற்கு வயது குறையவில்லை, அளவுதான் சிறியது.

முதல் ஸ்கேனில் முடிவான தேதியைக் கடைசி வரை மாற்றக் கூடாது. மாற்றினால் உண்மையிலேயே வளர்ச்சி குன்றிய குழந்தையை "நாள் தப்புக் கணக்கு" என்று விட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. குழந்தைக்கு ரத்த ஓட்டம் குறைகிறது என்பதன் முதல் அறிகுறியே அந்த இரண்டு வார வித்தியாசமாக இருக்கலாம். ஆகவே "தேதி மாறிப்போச்சா?" என்று கேட்க வேண்டாம். "இந்த வாரத்துக்கு எடை சரியா, டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) பார்க்க வேண்டுமா?" என்று கேளுங்கள்.

என்.டி. ஸ்கேனுக்கு நாள் தவறிவிட்டால் மறுபடி எடுக்கலாமா?

முடியாது. 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை, கருவின் நீளம் 45 முதல் 84 மி.மீ.-க்குள் இருக்கும்போது மட்டுமே இது செல்லும். கழுத்துக்குப் பின்னால் தோலுக்கடியில் இருக்கும் நீரின் தடிமனை அளக்கிறார்கள். அதன் பிறகு அந்த நீர் இயல்பாகவே வடிந்துவிடும், பின்னர் எடுக்கும் அளவுக்குப் பொருளில்லை.

நம் எடுத்துக்காட்டுப் பெண்ணுக்கு இந்தக் காலம் அக்டோபர் 19 முதல் நவம்பர் 8 வரை. நடுவில் தீபாவளி, பிறகு ஐப்பசி மழை. வேதாரண்யம், கோடியக்கரை, முத்துப்பேட்டைப் பக்கம் ரோட்டில் தண்ணீர் நின்றால் இரண்டு நாள் பஸ் கிடைக்காமல் போகலாம். அதனால் கடைசி நாளுக்கு நேரம் வாங்காதீர்கள். 12-ஆம் வார நடுவில் வாங்கினால், குழந்தை குப்புறப் படுத்திருந்து அளவு கிடைக்காவிட்டாலும் இன்னொரு முறை போக அவகாசம் இருக்கும்.

இந்த ஒரு ஸ்கேனில் வேறு பலவும் தெரியும். மண்டை ஓடு உருவாகாத நிலையை இப்போதே கண்டுபிடித்துவிடலாம். இரட்டைக் குழந்தைகள் என்றால் இரண்டுக்கும் ஒரே நஞ்சா தனித்தனி நஞ்சா என்று உறுதியாகச் சொல்லக் கூடியதும் இப்போதுதான். பிறகு அது கடினமாகிவிடும். ஒரே நஞ்சு என்றால் 16 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஸ்கேன் தேவைப்படும்.

டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையில் "1:200, அதிக ஆபத்து" என்று வந்துவிட்டது. குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோமா (குரோமோசோம் கூடுதலால் வரும் பிறவிக் குறைபாடு)?

இல்லை. 1:200 என்றால் இதே முடிவு வந்த 200 பேரில் ஒருவரின் குழந்தைக்கு அது இருக்கலாம், 199 பேருக்கு இருக்காது. இது வடிகட்டும் பரிசோதனை. தாயின் வயது, என்.டி. அளவு, இரண்டு ரத்த அளவுகள் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை அகப்படும். அதே கணக்கு, நலமான குழந்தையைச் சுமக்கும் பெண்களில் நூற்றுக்கு ஐந்து பேரையும் சேர்த்துப் பயமுறுத்தும்.

பயப்படுவதற்கு முன் படிவத்தைச் சரிபாருங்கள். பிறந்த தேதி, அன்றைய எடை, சி.ஆர்.எல்., சர்க்கரை நோய் உண்டா, செயற்கைக் கருத்தரிப்பா, இரட்டையா என்பதெல்லாம் கணக்கில் நுழைகின்றன. ரத்தம் எடுத்தவர் எடையைக் கேட்காமல் ஏதோ ஓர் எண்ணைப் போட்டிருந்தால் முடிவே புரண்டுவிடும். சரியாக இருந்தும் ஆபத்து அதிகம் என்றால் அடுத்த படி மருத்துவருடன் பேசி முடிவு செய்வது. தாயின் ரத்தத்திலிருந்தே குழந்தையின் மரபுப் பொருளைப் பார்க்கும் என்.ஐ.பி.டி. ஒரு வழி. அதுவும் வடிகட்டல்தான், ஆனால் மிகக் கூர்மையானது. உறுதி வேண்டுமானால் நஞ்சிலிருந்து சதைத் துணுக்கு எடுப்பது அல்லது 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர் எடுப்பது. என்.டி. காலம் தவறிவிட்டவர்களுக்கு 15 வாரத்திலிருந்து குவாட்ரப்பிள் ரத்தப் பரிசோதனை உண்டு.

ஐந்தாம் மாத ஸ்கேனை ஏன் 20 வாரத்துக்குள் முடிக்கச் சொல்கிறார்கள்?

அனாமலி ஸ்கேன், டிஃபா ஸ்கேன் என்று இரண்டு பெயரில் சொல்வதும் இதைத்தான். தலை முதல் பாதம் வரை உறுப்பு உறுப்பாகப் பார்க்கும் ஸ்கேன். 18 வாரம் முடிந்ததிலிருந்து 20 வாரத்துக்குள் எடுக்க வேண்டும். எடுத்துக்காட்டுப் பெண்ணுக்கு டிசம்பர் 7 முதல் 21 வரை. 16 வாரத்திலேயே எடுத்தால் இதயத்தின் அறைகளும் குழாய்களும் பிரித்தறிய முடியாத அளவுக்குச் சிறியவை. மார்கழி போய்த் தை பிறக்கட்டும் என்று தள்ளினால் உறுப்புகள் நன்றாகவே தெரியும், ஆனால் முடிவெடுக்கக் கால அவகாசம் குறைந்துவிடும்.

சட்டப்படி, 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தோடு அனுமதிக்கிறது. 20 முதல் 24 வாரம் வரை வரையறுத்த காரணங்களுக்கு மட்டும், இரண்டு மருத்துவர்கள் ஒப்ப வேண்டும். குழந்தைக்குக் கடுமையான குறைபாடு இருப்பது அந்தக் காரணங்களில் ஒன்று. 24 வாரத்துக்குப் பிறகு, கடுமையான குறைபாடு என்று மாநில மருத்துவக் குழு சொன்னால் மட்டுமே. ஸ்கேனில் ஐயம் வந்தால் இன்னொரு நிபுணரைப் பார்க்க, மரபணுப் பரிசோதனை முடிவு வர, வீட்டில் பேச, குறைந்தது இரண்டு மூன்று வாரம் ஆகும். 19-ஆம் வாரத்தில் ஸ்கேன் முடிந்திருந்தால் அந்த அவகாசம் இருக்கும்.

ஸ்கேன் 20 முதல் 40 நிமிடம் எடுக்கும். ஐந்து நிமிடத்தில் முடித்து அனுப்பினால், முகம், முதுகெலும்பு, இதயத்தின் நான்கு அறைகள், பெருங்குழாய்கள், சிறுநீரகம், கைகால் ஒவ்வொன்றும் ரிப்போர்ட்டில் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். "குழந்தையின் நிலையால் இதயம் சரியாகப் பார்க்க முடியவில்லை" என்று எழுதியிருந்தால் அது நேர்மையான ரிப்போர்ட். ஒரு வாரத்துக்குள் மறுபடி போய் அந்த ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வர வேண்டும். பலர் அந்த வரியைப் படிக்காமலே ஃபைலில் வைத்துவிடுகிறார்கள்.

அனாமலி ஸ்கேன் நார்மல் என்றால் குறையே இருக்காதா?

பெரும் உறுப்புக் குறைகள் பல இல்லை என்று நம்பலாம். எல்லாம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மண்டை ஓடு, திறந்த முதுகெலும்பு, வயிற்றுச் சுவர் குறைகள் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். உதட்டுப் பிளவு தெரியும், உள்ளண்ணம் மட்டும் பிளந்திருந்தால் பெரும்பாலும் தெரியாது. இதயக் குறைகளில் கணிசமானவை தப்பிவிடும், குறிப்பாகச் சிறு ஓட்டைகள். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த ஸ்கேனில் ஓர் அடையாளமும் தெரியாது. குடல் அடைப்பும், சில எலும்பு வளர்ச்சிக் குறைகளும் 24 வாரத்துக்குப் பிறகே வெளிப்படும். காது கேட்பது, பார்வை, அறிவு வளர்ச்சி, ஆட்டிசம் இவை எதையும் ஸ்கேன் காட்டாது.

தாய்க்குச் சர்க்கரை நோய் கருவுறுவதற்கு முன்பே இருந்தால், அல்லது முதல் குழந்தைக்கு இதயக் குறை இருந்திருந்தால் குழந்தையின் இதயத்துக்கென்றே தனி எக்கோ ஸ்கேன் எடுக்க வேண்டும். 22 முதல் 24 வாரம் அதற்கு ஏற்ற காலம்.

தாய்மாமனைக் கல்யாணம் செய்தவர்களுக்கு ஸ்கேன் நார்மல் என்றால் கவலை வேண்டாமா?

நெருங்கிய சொந்தத்தில் திருமணம் என்றால் கூடுதலாக வருவது பெரும்பாலும் மரபணு நோய்கள். பிறவிச் செவிட்டுத்தன்மை, தலசீமியா என்னும் ரத்தக் குறைபாடு, உடலின் வேதிமாற்றக் குறைகள் போன்றவை உறுப்பின் வடிவத்தை மாற்றாததால் ஸ்கேனில் தெரியாது. குடும்பத்தில் காரணம் தெரியாமல் குழந்தைகள் இறந்திருந்தாலோ, வளர்ச்சி குன்றிய பிள்ளை இருந்தாலோ, கருவுறுவதற்கு முன்பே அல்லது முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே மரபணு ஆலோசனைக்குப் போக வேண்டும். சொந்தத்தில் திருமணம் என்பதை ஸ்கேன் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். எங்கே கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்பதை அது மாற்றும்.

இதயத்தில் வெள்ளைப் புள்ளி, மூளையில் நீர்க்கட்டி என்று எழுதியிருக்கிறது.

இதயத்தின் பளிச்சென்ற புள்ளி ஆசியக் குழந்தைகளிடம் சற்று அதிகம் காணப்படும் ஒன்று, நோயல்ல. மூளையின் அந்த நீர்க்கட்டி பெரும்பாலும் 28 வாரத்துக்குள் மறைந்துவிடும். இவை தனியாக இருந்து, முந்தைய வடிகட்டல் பரிசோதனையும் நன்றாக இருந்தால் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சிறுநீரகத்தில் சிறுநீர் சேரும் குழிவு 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் மட்டும் 32 வாரம் வாக்கில் மறுபடி அளக்க வேண்டும்.

நஞ்சு கீழே இருக்கிறதாம். படுத்தே இருக்க வேண்டுமா?

20 வாரத்தில் இப்படி எழுதப்படும் பெண்களில் பெரும்பாலோருக்குக் கருப்பையின் கீழ்ப்பகுதி விரிய விரிய நஞ்சு மேலே விலகிவிடும். கருப்பை வாயின் உள்துளையிலிருந்து 20 மி.மீ.-க்குள் இருந்தால் "கீழ் நஞ்சு", துளையையே மூடியிருந்தால் "மூடிய நஞ்சு". 32 வாரத்தில் மறு ஸ்கேன், தேவைப்பட்டால் 36-இல் இன்னொன்று. உள்வழியாக எடுத்தால்தான் அளவு சரியாக இருக்கும், அதனால் உதிரம் போகும் என்ற பயம் வேண்டாம்.

முன்பு சிசேரியன் ஆகி, இப்போது நஞ்சு அந்தத் தழும்பின்மேல் கீழாகவே உட்கார்ந்திருந்தால் நிலை வேறு. நஞ்சு கருப்பைச் சுவருக்குள் ஊடுருவியிருக்கிறதா என்று தனியாகப் பார்த்து, ரத்த வங்கி உள்ள பெரிய மருத்துவமனையில் பிரசவத்துக்கு முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். உதிரம் வந்தால், துளி என்றாலும், உடனே போக வேண்டும்.

ஸ்கேனில் 3 கிலோ என்றார்கள், பிறந்தது 2.6 கிலோ. தப்பாக எடுத்தார்களா?

இல்லை. இயந்திரம் குழந்தையை நிறுப்பதில்லை. தலை விட்டம், தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பு ஆகிய நான்கு அளவுகளைச் சூத்திரத்தில் போட்டு எடையை ஊகிக்கிறது. இதில் 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ செய்யும். 3 கிலோ என்றால் 2.55 முதல் 3.45 வரை எதுவும் இருக்கலாம். வயிற்றுச் சுற்றளவு சற்றுச் சாய்வாக எடுக்கப்பட்டாலே 200 கிராம் மாறிவிடும். இதனால் வாராவாரம் எடை பார்ப்பதில் பயனில்லை. இரண்டு அளவுகளுக்கு நடுவே குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் மூன்று வாரம் விட்டால்தான் குழந்தை வளர்ந்ததா, பிழையா என்று பிரித்தறிய முடியும்.

தண்ணீர் குறைவு என்றார்கள். இளநீர் குடித்தால் ஏறுமா?

பனிக்குட நீரை நான்கு மூலைகளில் அளந்து கூட்டுவது ஏ.எஃப்.ஐ. 5 செ.மீ.-க்குக் கீழே குறைவு, 24-25 தாண்டினால் அதிகம். ஒரே ஆழமான இடத்தை அளந்தால் 2 முதல் 8 செ.மீ. வரை சரி. குழந்தை அசைந்தாலே எண் மாறும். ஒரே நாளில் இருவர் எடுத்தால் 8 என்றும் 10 என்றும் வரலாம், அது வித்தியாசமே அல்ல.

சித்திரை வெயிலில் தாயின் உடல் வறண்டிருந்தால் நீரும் சற்றுக் குறையும். நிறையத் தண்ணீர் குடித்தபின் எடுத்தால் ஓரளவு கூடுவது உண்மை. தண்ணீரோ மோரோ இளநீரோ எதுவானாலும் சரி. சர்க்கரை உள்ளவர்கள் இளநீரை அளவோடு. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது நீர் கசிகிறதா என்பதை. உள்ளாடை நனைந்துகொண்டே இருந்தால் வீட்டில் இளநீர் குடித்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நீர்க் குறைவோடு குழந்தை எடையும் குறைந்திருந்தால் டாப்ளர் அவசியம்.

கொடி சுற்றியிருக்கிறது. மாமனுக்கு ஆகாது என்கிறார்களே?

நாலைந்து குழந்தைகளில் ஒன்றுக்குக் கழுத்தில் கொடி சுற்றியிருக்கும். பெரும்பாலும் பிரசவத்தில் விரலால் எடுத்துவிட்டுவிடுவார்கள். அதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. ஸ்கேனில் தெரிந்த கொடி மறுநாள் அவிழ்ந்தும் போகலாம். மாமனுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்தப் பேச்சால் கர்ப்பிணி மனம் நோகக் கூடாது என்பதைப் பெரியவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தலை இன்னும் திரும்பவில்லை.

28 வாரத்தில் நாலில் ஒரு குழந்தை அப்படித்தான் இருக்கும். நாள் நிறையும்போது நூற்றுக்கு மூன்று நான்குதான். 36 வாரத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்தால் போதும்.

சிசேரியன்தான் என்றாகிவிட்டது. நல்ல நாள் பார்த்து முன்னாலேயே எடுக்கலாமா?

39 வாரம் முடிந்த பிறகு வரும் நாட்களில் நாள் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டுப் பெண்ணுக்கு அது 2026 மே 3-க்குப் பிறகு. மருத்துவக் காரணம் எதுவுமில்லாமல், நட்சத்திரத்துக்காக 37 வாரத்தில் எடுத்தால் மூச்சுத்திணறலால் குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதிலும் முதல் ஸ்கேன் இல்லாமல், எட்டாம் மாத ஸ்கேன் தேதியை வைத்து "38 வாரம்" என்று முடிவெடுத்தால், உண்மையில் அது 35 வாரமாகக்கூட இருக்கலாம். ஜோசியரிடம் போகும்முன் மருத்துவரிடம் "முதல் ஸ்கேன்படி 39 வாரம் எப்போது?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போனால் இந்தத் தொல்லை வராது.

முதல் ஆறு மாதம் ஸ்கேனே எடுக்கவில்லை. இப்போது என்ன செய்வது?

உடனே ஒன்று எடுங்கள், மூன்று வாரம் கழித்து இன்னொன்று. முதல் ஸ்கேன் வயதைத் தோராயமாகச் சொல்லும், இரண்டாவது குழந்தை சரியான வேகத்தில் வளர்கிறதா என்று சொல்லும். தலைச் சுற்றளவும் தொடை எலும்பும் ஒத்துப்போனால் கொஞ்சம் நம்பலாம். எந்த விழாவின்போது நாள் தள்ளியது, குழந்தையின் அசைவு முதலில் எப்போது தெரிந்தது, கிராம சுகாதாரச் செவிலியரிடம் சிறுநீர்ப் பரிசோதனை செய்தது எந்த நாள் என்று நினைவுபடுத்திச் சொல்லுங்கள், அவையும் உதவும்.

ஆணா பெண்ணா என்று கேட்டால் என்ன?

கேட்பதும் சொல்வதும் குற்றம். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு, கேட்டு வற்புறுத்தும் குடும்பத்தாருக்கும் உண்டு. ஸ்கேனுக்கு முன் "எஃப் படிவம்" நிரப்பி, பாலினம் அறிய விரும்பவில்லை என்று கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவது இதற்காகத்தான். அடையாள அட்டையும் மருத்துவரின் பரிந்துரைச் சீட்டும் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து திரும்பிப் போவதைத் தவிர்க்க, இரண்டையும் முதல் நாளே எடுத்து வைத்துவிடுங்கள்.

அடிக்கடி எடுத்தால் குழந்தைக்குக் கெடுதலா?

இதில் கதிர்வீச்சு இல்லை, ஒலி அலைதான். காரணத்தோடு எடுத்தால் பயமில்லை. முதல் மூன்று மாதத்தில் டாப்ளர் அலையைத் தேவையின்றி நெடுநேரம் செலுத்தக் கூடாது என்பது மட்டும் எச்சரிக்கை. நலமான கர்ப்பத்துக்கு 7-9 வாரம், 12 வாரம், 19 வாரம், 32-36 வாரம் என நான்கு போதும்.

ஸ்கேனுக்கு எப்படித் தயாராவது?

வெறும் வயிறு வேண்டாம், சாப்பிட்டுவிட்டே போங்கள். முதல் மூன்று மாதத்தில் வயிற்றின் மேல் எடுப்பதானால் ஒரு மணி நேரத்துக்கு முன் நாலைந்து டம்ளர் தண்ணீர் குடித்து அடக்கி வைக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிரம்பினால்தான் குடல் விலகிக் கருப்பை தெரியும். உள்வழி ஸ்கேன் என்றால் நேர்மாறாக, போய்விட்டு வர வேண்டும். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு அடக்கத் தேவையில்லை. குழந்தை முகத்தையோ முதுகையோ காட்டாமல் படுத்திருந்தால் வெளியே அனுப்பி நடக்கச் சொல்வார்கள். எரிச்சல்பட வேண்டாம், அவர்கள் சரியாகப் பார்க்க விரும்புகிறார்கள். தாயின் வயிற்றில் கொழுப்பு அதிகமென்றால் படம் மங்கும், அதை ரிப்போர்ட்டில் எழுதுவார்கள்.

அரசு மருத்துவமனையில் எடுத்தால் போதுமா?

போதும். 12 வாரத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) வாங்குங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அது வேண்டும். அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் இலவசம். மாதந்தோறும் 9-ஆம் தேதி நடக்கும் சிறப்புப் பரிசோதனை நாளில் நான்காம் மாதத்துக்கு மேற்பட்டவர்கள் மருத்துவரைப் பார்க்கலாம். சிக்கலான ரிப்போர்ட் என்றால் தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்புவார்கள். ஐயம் கேட்க 104.

நேற்றுதான் ஸ்கேன் நார்மல். இன்று குழந்தை அசைவு குறைவு.

கிளம்புங்கள். ஸ்கேன் அந்த நேரத்து நிலையை மட்டுமே சொன்னது. 28 வாரத்துக்குப் பிறகு அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால், இடதுபக்கம் படுத்து இரண்டு மணி நேரம் கவனித்து, பத்து அசைவுகூட இல்லையென்றால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. கடும் தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் இருந்தாலும் அப்படியே.

வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்குப் போகிறேன். எதையெல்லாம் எடுத்துப் போக வேண்டும்?

புகுந்த வீடு திருத்துறைப்பூண்டி, தாய் வீடு கும்பகோணம் என்றால் மருத்துவரும் மாறுவார். புது மருத்துவருக்கு முதலில் வேண்டியது கடைசி ஸ்கேன் அல்ல, முதல் ஸ்கேன். ஏழாவது, எட்டாவது வாரம் எடுத்த அந்த ஒரு தாளைத்தான் பலர் மாமியார் வீட்டு பீரோவில் விட்டுவிட்டு வருகிறார்கள். பிறகு என்.டி., டபுள் மார்க்கர், அனாமலி, வளர்ச்சி ஸ்கேன் ரிப்போர்ட்கள், தாய் சேய் அட்டை, ரத்தப் பிரிவு, சர்க்கரைப் பரிசோதனை முடிவு. எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வையுங்கள்.

கருப்பு வெள்ளைப் படங்கள் வெப்பத்தில் அச்சாகும் தாளில் வருபவை. லாமினேஷன் செய்தால் முழுதும் கறுத்துவிடும், வெயிலில் கிடந்தால் மங்கிவிடும். படம் போனாலும் பரவாயில்லை, அளவுகள் எழுதிய ரிப்போர்ட் தாள்தான் முக்கியம். எல்லாத் தாளையும் கைபேசியில் படமெடுத்துக் கணவருக்கும் அம்மாவுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஃபைலின் முன் அட்டையில் பெரிய எழுத்தில் மூன்றை மட்டும் எழுதுங்கள்: முதல் ஸ்கேன்படி பிரசவத் தேதி, ரத்தப் பிரிவு, பிக்மி எண்.